கேட்கத் தெரிந்த இரசிகர்

ஞாயிறு திருப்பலி முடிந்து, பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் நாம் அமர்ந்திருக்கும் வேளையில், பெற்றோர் பலர் நம்மிடம் வந்து முறையிடுவதுண்டு. “சாமி, எங்கள் பையனுக்கு எந்நேரமும் சினிமாப் பேச்சுத்தான். நீங்கள் சொன்னால் கேட்பான், கொஞ்சம் கண்டித்து வையுங்கள்” என்பார்கள். கண்டிப்பது நமக்கு அரிய செயலன்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிரசங்க மேடையில் நின்ற எவருக்கும் அது கைவந்த கலையே. ஆயினும் அண்மைக் காலமாக நாம் அவர்களிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறோம்: “அவன் எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறான்? அதில் அவனுக்குப் பிடித்தது எதுவாம்?” இதற்கு விடை சொன்ன பெற்றோர் மிகச் சிலரே.

அவர்களைக் குறை கூறும் தகுதி நமக்கில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொன்னவர்களின் வரிசையில் நாமும் ஒருவராய் நின்றதுண்டு. அந்தக் கதையை இக்கட்டுரையின் முடிவில் சொல்லுவோம். அதற்கு முன்னர், ஒரு படத்தைப் பற்றி எவ்வாறு பேசலாம் என்பதைப் பலருக்கும் காட்டித்தந்த ஓர் உரையாடலை வாசகர் முன் வைக்க விழைகிறோம். அதில் பேசியவர் இருவர். ஒருவர் படம் எடுத்தவர். மற்றவர் அவருடைய இரசிகர்.

ஒரு கடிதமும் ஒரு தந்தியும்

1962-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ஆம் நாளிட்ட கடிதம் ஒன்று பிரான்சு நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றது. அதை எழுதியவர் பிரான்சுவா த்ரூஃபோ என்ற முப்பது வயது இளைஞர். பத்திரிகை விமரிசகராக இருந்து, பின்னர் தாமே மூன்று முழுநீளப் படங்களை இயக்கிப் பெயர் பெறத் தொடங்கியிருந்தவர். கடிதத்தைப் பெற்றவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, நாற்பது ஆண்டுகளாய்த் திரைத்துறையில் உழைத்து, ஐம்பதை நெருங்கும் எண்ணிக்கையில் படங்களை இயக்கியவர். மர்மப் படங்களின் மன்னர் என்று உலகம் அவரைக் கொண்டாடியது.

“உங்கள் படங்களை முதலாவதிலிருந்து தொடங்கி வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எப்படி உருவாயிற்று என்று நான் உங்களிடம் கேட்க வேண்டும், நம் பேச்சை ஒலிப்பதிவு செய்து நூலாக்க வேண்டும், இசைவீர்களா?” என்பதே அக்கடிதத்தின் கருத்து. ஹிட்ச்காக் தந்தி மூலம் மறுமொழி அனுப்பினார். கடிதம் தம் கண்களில் நீரை வரவழைத்தது என்று அதில் பிரெஞ்சு மொழியிலேயே கூறியிருந்தார்.

புகழும் செல்வமும் நிரம்பப் பெற்ற முதியவர் ஒருவர் ஓர் இளைஞரின் கடிதத்தைக் கண்டு கலங்குவானேன்? காரணம் உண்டு. அவருடைய படங்களைக் காணக் கூட்டம் கூடியது; ஆனால் கற்றறிந்தோர் அவரை ஒரு வேடிக்கைக்காரராகவே கருதினர். த்ரூஃபோ நியூயார்க் சென்றிருந்தபோது, அங்குள்ள பத்திரிகையாளர் பலரும் அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டனராம்: “பிரெஞ்சுக்காரர்களாகிய நீங்கள் ஏன் ஹிட்ச்காக்கை இவ்வளவு பெரிதாக எண்ணுகிறீர்கள்? அவர் படங்களில் சரக்கு இல்லையே!” அவர்களுள் ஒருவரிடம் ‘ரியர் விண்டோ’ என்ற படத்தைத் த்ரூஃபோ வெகுநேரம் புகழ்ந்து பேசினாராம். கேட்டவரோ, அந்தப் படம் நிகழும் நியூயார்க் நகரப் பகுதியை அறியாததால்தான் அயலாராகிய உமக்கு அது பிடித்திருக்கிறது என்று கூறிவிட்டாராம். அது நகரத்தைப் பற்றிய படமன்று, சினிமாவைப் பற்றிய படம். சினிமாவை நான் அறிவேன் என்று த்ரூஃபோ பதிலிறுத்தார். அந்த மனத்தாங்கலிலிருந்தே உரையாடல் நூலின் எண்ணம் பிறந்தது.

கைதட்டுவோர் ஆயிரம் பேர் இருந்தும், தான் செய்ததை உற்றுப் பார்த்தவர் ஒருவரும் இல்லையே என்ற ஏக்கம் கலைஞருக்கு மட்டும் உரியதன்று. காலமெல்லாம் சமைத்துப் போட்ட தாய்க்கும் அது உண்டு. நாற்பது ஆண்டு பள்ளியில் கற்பித்த ஆசிரியருக்கும் அது உண்டு. ஒருவர் வந்து, “இதை எப்படிச் செய்தீர்கள்?” என்று உண்மையாகக் கேட்கும்போது கண்கள் கலங்குவது இயல்பேயன்றோ!

ஒரு வாரப் பேச்சு

1962 ஆகஸ்டு 13-ஆம் நாள், ஹிட்ச்காக்கின் 63-ஆவது பிறந்தநாளன்று, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே யூனிவர்சல் படநிறுவனத்தில் உள்ள அவருடைய அலுவலகத்தில் உரையாடல் தொடங்கியது. முதியவருக்குப் பிரெஞ்சு போதாது. இளைஞருக்கு ஆங்கிலம் போதாது. இருவருக்கும் நடுவே ஹெலன் ஸ்காட் என்ற அம்மையார் அமர்ந்து, இருபுறப் பேச்சையும் உடனுக்குடன் மொழிபெயர்த்தார். சுமார் ஒரு வாரம் பேச்சு நீடித்தது. பேசி முடித்த பின்னும், அதை எழுத்தில் வடித்து, திருத்தி, படக்காட்சிகளைத் தேடித் தொகுத்து நூலாக்க நான்கு ஆண்டுகள் பிடித்தன. 1966-இல் பிரெஞ்சிலும், அடுத்த ஆண்டில் ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது.

அவ்விருவருக்கும் இது முதற் சந்திப்பன்று. 1955-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பாரிசுக்கு அருகே ஒரு படப்பிடிப்பு நிலையத்திற்கு ஹிட்ச்காக் வந்திருந்தார். அவரைப் பேட்டி காணத் த்ரூஃபோவும் அவருடைய நண்பர் க்ளோத் ஷப்ரோலும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஓடினர். ஆர்வ மிகுதியில், முற்றத்திலிருந்த குளம் உறைந்து கிடப்பதைக் கவனியாது அதன் மேல் நடந்துவிட்டனர். பனிக்கட்டி உடைந்தது; இருவரும் கருவியோடு நீரில் வீழ்ந்து நடுநடுங்கி எழுந்தனர். மதுக்கிண்ணத்தில் பனிக்கட்டிகள் மோதும் ஒலி கேட்கும்போதெல்லாம் உங்கள் நினைவு வருகிறது என்று ஹிட்ச்காக் பின்னாளில் அவர்களிடம் கூறி நகைத்தாராம். இரசிகரின் ஆர்வம் முதலில் குளத்தில் விழச் செய்கிறது. பின்னரே நிதானம் கற்கிறது!

ஏழு ஆண்டுகள் கழித்து வந்த த்ரூஃபோ நிதானம் கற்றிருந்தார். ஹிட்ச்காக்கின் படங்களை மீண்டும் மீண்டும் பார்த்திருந்தார். ஆகவே “உங்கள் வெற்றியின் இரகசியம் யாது?” என்பது போன்ற வெற்றுக் கேள்விகள் அவரிடம் இல்லை. இந்தக் காட்சியில் கருவியை எங்கே வைத்தீர்கள், ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டார்.

அவ்வாறு கேட்டதனால் கிடைத்த விடைகள் சிலவற்றைக் காண்போம். ‘சஸ்பிஷன்’ என்ற 1941-ஆம் ஆண்டுப் படத்தில், கணவன் ஒரு தம்ளர் பாலை ஏந்தி இருண்ட மாடிப்படியில் ஏறி வருகிறான். பாலில் நஞ்சு இருக்குமோ என்று நாம் அஞ்சுகிறோம். நம் கண் அந்தத் தம்ளரை விட்டு அகல மறுக்கிறது. காரணம் என்ன? பாலுக்குள் ஒரு சிறு மின்விளக்கை வைத்து அதை ஒளிரச் செய்ததாக ஹிட்ச்காக் விளக்குகிறார். நாம் அறியாமலே நம் பார்வையை அவர் கைப்பிடித்து அழைத்துச் சென்றிருக்கிறார்!

திகைப்பு வேறு, தவிப்பு வேறு என்று அவர் காட்டிய உவமை திரைக்கலை பயில்வோர் இன்றும் எடுத்தாளுவது. இருவர் மேசையருகே அமர்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்போருக்குப் பதினைந்து வினாடித் திகைப்பு, அவ்வளவே. இப்போது, குண்டு இருப்பதைப் பார்ப்போருக்கு முன்னரே காட்டிவிடுங்கள். சுவரில் ஒரு கடிகாரத்தையும் மாட்டுங்கள். அதே சாதாரணப் பேச்சு இப்போது பொறுக்க முடியாததாகிறது. “ஐயோ, எழுந்து ஓடுங்கள்!” என்று கத்தத் தோன்றுகிறது. பதினைந்து வினாடித் திகைப்பு பதினைந்து நிமிடத் தவிப்பாகிறது. பார்ப்போரிடம் செய்தியை மறைப்பதைவிட, பகிர்ந்துகொள்வதே அவர்களைக் கதைக்குள் ஈர்க்கும் என்பது அக்கலைஞரின் பாடம்.

தம் பிழைகளையும் அவர் ஒளிக்கவில்லை. ‘ஸ்டேஜ் ஃபிரைட்’ என்ற 1950-ஆம் ஆண்டுப் படத்தில், ஒரு பாத்திரம் சொல்லும் பொய்யைத் தாம் காட்சியாகவே காட்டிவிட்டது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். புகழ்பவரிடம் மனிதர் தம் குறையைச் சொல்லுவதில்லை, பழிப்பவரிடமும் சொல்லுவதில்லை. நேசித்து, நுணுகிப் பார்த்து, நேர்மையாகக் கேட்பவரிடமே சொல்லுகிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நெடுங்காலம் அமர்ந்திருக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று.

இளைஞரின் பேச்சைக் கேட்டவர்

இவ்வளவு நன்றாய்க் கேட்கும் கலையைத் த்ரூஃபோ யாரிடம் கற்றார்? அவருடைய இளமையை அறிந்தோர் இக்கேள்வியைக் கேளாதிருக்க முடியாது.

1932-இல் பிறந்த அவருடைய பிள்ளைப்பருவம் இனியதாய் இருக்கவில்லை. பள்ளியை ஏமாற்றிவிட்டுத் திரையரங்குகளில் ஒளிந்திருந்து வளர்ந்த பிள்ளை அவர். 1948-இல், பதினாறு வயதில், தாமே ஒரு திரைப்படக் கழகத்தைத் தொடங்கினார். கையில் காசில்லை, கடன் ஏறியது, வளர்ப்புத் தந்தை அவரைக் காவல்துறையினரிடம் ஒப்படைத்தார். சிறுவர் கண்காணிப்பு இல்லம் ஒன்றில் அவர் அடைக்கப்பட்டார்.

அங்கிருந்து அவரை மீட்க முன்வந்தவர் ஆந்த்ரே பஸான். கத்தோலிக்கர்; மெலிந்த உடலினர்; நோயாளி; திரைப்படங்களைத் தொழிலாளரிடையே திரையிட்டு, படம் முடிந்ததும் அவர்களோடு அமர்ந்து கலந்துரையாடுவதையே தம் பணியாகக் கொண்டவர். தம் கழகத்தின் காட்சி நேரம் பஸானின் காட்சி நேரத்தோடு மோதுகிறது என்று முறையிடச் சென்றபோதுதான் அந்தச் சிறுவன் அவருக்கு அறிமுகமானான். “படிக்காமல் ஏன் சினிமா பார்க்கிறாய்?” என்று அதட்டி அனுப்புவது எளிது. பஸானோ அவனுக்காகப் பொறுப்பேற்றுக்கொண்டார், வேலை கொடுத்தார். பின்னர் இராணுவத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஓடி, சிறைப்பட்ட காலத்திலும் அவரே துணை நின்றார். தாமும் தம் மனைவி ஜானினும் வாழ்ந்த வீட்டில் அவருக்கு இடமும் தந்தார். 1951-இல் தாமும் சேர்ந்து நிறுவிய ‘காயே து சினிமா’ என்ற ஏட்டில் எழுதவும் வைத்தார்.

இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஹிட்ச்காக்கைப் பற்றி இளைஞர்கள் கொண்டிருந்த பெருமதிப்பைப் பஸான் முழுதும் ஏற்றவரல்லர். கருத்து வேறுபட்டது, ஆனால் அவர்கள் பேச்சை அவர் அடக்கவில்லை. தாம் நடத்திய ஏட்டிலேயே அவர்கள் எழுத இடங்கொடுத்தார்.

1958 நவம்பர் 10-ஆம் நாள் த்ரூஃபோ தம் முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார். மறுநாள் பஸான் நாற்பது வயதில் காலமானார். பெற்றோராலும் பள்ளியாலும் புரிந்துகொள்ளப்படாத ஒரு சிறுவனைப் பற்றிய அந்தப் படம், ‘நானூறு அடிகள்’ என்ற பொருள்படும் பெயரோடு 1959-இல் வெளிவந்து, கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசைப் பெற்றது. படத்தை அவர் பஸானின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

அங்கியணிந்த கதாநாயகர்

இனி, நம் வாசகருக்கு மிக நெருங்கிய ஒரு படத்தைப் பற்றி அவ்விருவரும் பேசியதைக் கூறுவோம். ஹிட்ச்காக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் இயேசு சபையார் நடத்திய பள்ளியில் பயின்றவர். தீமையில் சிக்கிக்கொள்வோமோ என்ற அச்சம் அங்கேதான் தம்முள் வேரூன்றியது என்று த்ரூஃபோவிடம் கூறினார். தம்மைக் கத்தோலிக்கக் கலைஞர் என்று முத்திரை குத்துவதை அவர் ஏற்கவில்லை. எனினும் இளமையில் பெற்ற பயிற்சி ஒருவரின் வாழ்வைப் பாதிக்கக்கூடும் என்று ஒத்துக்கொண்டார்.

அவர் 1953-இல் வெளியிட்ட படம் ‘ஐ கன்ஃபெஸ்’. கனடா நாட்டின் கியூபெக் நகரில் நிகழும் கதை. அருள்தந்தை மைக்கேல் லோகன் என்ற இளங்குருவாக மாண்ட்கோமரி கிளிஃப்ட் நடித்தார். பங்கில் வேலை செய்யும் கெல்லர் என்பவன் அங்கியணிந்து சென்று திருடும்போது ஒருவரைக் கொன்றுவிடுகிறான். அன்றிரவே லோகனிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். அங்கியணிந்த உருவம் கொலை நடந்த வீட்டிலிருந்து வெளியேறியதைக் கண்டோர் உளர். ஆகவே பழி லோகன் மீதே விழுகிறது. உண்மை அறிந்தும் அவர் வாய் திறவார். நீதிமன்றத்தில் நிற்கிறார்; போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டாலும், வெளியே கூடிநிற்கும் மக்கள் அவரை இகழ்கின்றனர்.

இப்படத்தில் மக்கள் எரிச்சலுற்றதைத் த்ரூஃபோ தயங்காமல் எடுத்துரைத்தார். லோகன் பேசிவிடுவார், பேசிவிடுவார் என்று அவர்கள் எதிர்பார்த்து ஏமாறுகிறார்களே, இது கதையின் குறையன்றோ என்று கேட்டார். ஆம், குறையே என்றார் ஹிட்ச்காக். பாவசங்கீர்த்தன இரகசியத்தை குரு வெளியிட முடியாது என்பதைக் கத்தோலிக்கர் அறிவர். ஆனால் பிறரோ, இதற்காக எவனாவது உயிரைக் கொடுப்பானா, நகைப்புக்குரிய செய்தி என்று தள்ளிவிடுகின்றனர். இந்தப் படத்தை எடுத்திருக்கவே கூடாது என்று முடித்தார்.

அவர் சொன்ன காரணத்தை நாம் மதிக்கிறோம். கலைஞரின் கையிலுள்ள நூலின் ஒரு முனை பார்ப்போர் உள்ளத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். அது அறுந்தால் படம் தளர்ந்துவிடும். ஆயினும், எடுத்திருக்கவே கூடாது என்ற அவருடைய தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. படைத்தவர் சொல்லே படைப்பைப் பற்றிய இறுதிச் சொல் ஆகிவிடாது. உரையாடலின் அழகே அதுவன்றோ!

நம் பங்கில் நடந்த பேச்சு

சில ஆண்டுகளுக்கு முன், தவக்கால மாலையொன்றில், இந்தப் படத்தை நம் பங்கு மண்டபத்தில் குடும்பங்களோடு அமர்ந்து பார்த்தோம். நாம் அருகில் நின்று உரையாடல்களைத் தமிழில் சொல்லிவந்தோம். படம் முடிந்ததும் நாம் பிரசங்கம் செய்யவில்லை. “உங்களை உறுத்தியது எது?” என்று மட்டும் கேட்டோம்.

ஹிட்ச்காக் அஞ்சிய கேள்வியை அங்கே எவரும் கேட்கவில்லை. லோகன் ஏன் பேசவில்லை என்பது நம் மக்களுக்குச் சிக்கலாகவே தோன்றவில்லை. பாவசங்கீர்த்தன இரகசியம் மீறவொண்ணாதது என்பதைத் திருச்சபைச் சட்டத்தின் எண் பார்த்து அவர்கள் அறிந்ததில்லை. ஆயினும், பிறந்தது முதல் அறிந்தே இருக்கின்றனர்.

வயதான ஓர் அம்மா எழுந்து வேறொன்றைக் கேட்டார். “சாமி, அந்தக் குருவானவருக்குத்தான் வாய்ப்பூட்டு. கொலைகாரன் பெண்சாதிக்கு என்ன? அவளுக்கும் எல்லாம் தெரியுமே! அவள் ஏன் இவ்வளவு நாள் பேசவில்லை?”

மண்டபம் அமைதியாயிற்று. கெல்லரின் மனைவி ஆல்மா அறிந்தே இருக்கிறாள். பங்கு இல்லத்தில் பணி செய்து, லோகனின் முகத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டே மௌனமாயிருக்கிறாள். இறுதியில், நீதிமன்ற வாயிலில் கூட்டம் லோகனை நெருக்கும்போது அவள் பொறுக்கமாட்டாது ஓடி வருகிறாள். உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறாள். கணவனே அவளைச் சுட்டு வீழ்த்துகிறான். குருவின் மௌனம் கடமையால் வந்தது. அவளுடைய மௌனம் அச்சத்தால் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க நமக்கு, ஆம், குருமடத்தில் பல்லாண்டு பயின்ற நமக்குத் தோன்றவில்லை; அந்த அம்மாவுக்குத் தோன்றிற்று. எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் எதையெல்லாம் அறிந்தும் பேசாதிருக்கின்றனர் என்பதை அவர் நம்மைவிட நன்கறிவார் போலும்.

இன்னோர் இளைஞர் மற்றொன்றைச் சுட்டினார். கடைசிக் காட்சியில், லோகன் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகவே கெல்லர் நம்புகிறான். அந்த நம்பிக்கையால் தானே கத்தித் தன் குற்றத்தை வெளிப்படுத்துகிறான். “ஒருவர் இவ்வளவு உண்மையாய் இருப்பார் என்று பாவசங்கீர்த்தனம் செய்தவனே நம்பவில்லையே, சாமி!” என்றார் அவர். படத்தை நகைப்புக்குரியதென்று தள்ளியவர்களின் ஐயம் அந்தக் கொலைகாரனின் உள்ளத்திலேயே இருக்கிறது. அவன் லோகனின் கைகளில் மன்னிப்பு வேண்டி உயிர்விடுகிறான். பன்முறை படத்தைப் பார்த்திருந்தும், இதை நாம் அந்த இளைஞரிடமே கற்றுக்கொண்டோம்.

பேச்சின் பயன்

ஒரு வாரப் பேச்சால் விளைந்த பயன் சிறிதன்று. த்ரூஃபோ 1984 அக்டோபரில், ஐம்பத்திரண்டே வயதில் காலமானார். நூலோ நிலைத்தது. 2015-இல் அமெரிக்கராகிய கென்ட் ஜோன்ஸ் அதைப் பற்றியே ஓர் ஆவணப்படம் எடுத்தார். மார்ட்டின் ஸ்கார்செசி, டேவிட் ஃபிஞ்சர், ஜப்பானியராகிய கியோஷி குரோசவா முதலிய இயக்குநர் பலர் அதில் தோன்றி, அந்த நூலும் ஹிட்ச்காக்கின் படங்களும் தமக்கு என்ன கற்பித்தன என்று கூறுகின்றனர். வேடிக்கைக்காரர் என்று ஒதுக்கப்பட்டவரைப் பற்றிய எண்ணமும் மாறிற்று. 1958-இல் வெளிவந்தபோது கலவையான வரவேற்பையே பெற்ற ‘வெர்ட்டிகோ’ என்ற படத்தை, 2012-இல் பிரிட்டிஷ் ஏடாகிய ‘சைட் அண்ட் சவுண்ட்’ நடத்திய வாக்கெடுப்பில் விமரிசகர்கள் உலகின் தலைசிறந்த படமாகத் தேர்ந்தனர். ஒரு நூலால் மட்டும் இது நிகழவில்லை; ஆனால் உற்றுப் பார்க்கும்படி மற்றவரைத் தூண்டியதில் அந்த இரசிகருக்குப் பெரும் பங்குண்டு.

ஹிட்ச்காக்கின் இறுதி நாட்களைப் பற்றியும் ஒரு செய்தியைச் சொல்லுதல் தகும். 1980-இல் அவர் நோயுற்றிருந்தபோது இயேசு சபைக் குருக்கள் அவர் இல்லத்திற்குச் சென்று திருப்பலி நிறைவேற்றினர். அவர்களுள் ஒருவராகிய அருள்தந்தை மார்க் ஹென்னிங்கர் 2012-இல் அதைப் பற்றி எழுதினார். ஹிட்ச்காக் திருப்பலியின் மறுமொழிகளை இலத்தீன் மொழியில் சொன்னாராம். நற்கருணை உட்கொண்டபின் மௌனமாய்க் கண்ணீர் வடித்தாராம். அவ்வாண்டு ஏப்ரல் 29-இல் அவர் மறைந்தார். அந்தக் கண்ணீரின் பொருளை ஆராய நமக்கு உரிமையில்லை. கேட்கத் தெரிந்தவன், கேட்கக்கூடாத இடத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு நோட்டுப்புத்தகம்

தொடக்கத்தில் சொல்லுவதாகக் கூறிய கதைக்கு வருவோம். நாம் இளங்குருவாய் இருந்த முதற்பங்கில் பீடச்சிறுவன் ஒருவன் இருந்தான். பதினைந்து வயது. ஒருநாள் அவன் தாய் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துவந்து அழுதார். “சாமி, பாடம் எழுதுகிறான் என்று நினைத்தேன்; பார்த்தால் முழுதும் சினிமா.” நாம் அதை வாங்கினோம். மேலட்டையைப் பார்த்தோம், ஒரு நடிகரின் படம் ஒட்டியிருந்தது. திறவாமலே திருப்பிக் கொடுத்தோம். “பழைய தாள் கடைக்குப் போடுங்கள்” என்றோம். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், பெயர் சொல்லாவிட்டாலும் அனைவருக்கும் புரியும் வண்ணம், சினிமாப் பைத்தியத்தைச் சாடினோம். அதன்பின் அந்தச் சிறுவன் பீடத்திற்கு வரவில்லை.

பல்லாண்டு கழித்து ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டோம். குடும்பத் தலைவராய், நல்ல வேலையில் இருந்தார். கோபமின்றிச் சிரித்துப் பேசினார். நோட்டுப்புத்தகத்தைப் பற்றி நாமே கேட்டோம். ஒவ்வொரு படத்திலும் தமக்குப் பிடித்த ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது ஏன் நன்றாயிருக்கிறது என்று எழுதிவந்ததாகக் கூறினார். “ஒரு பக்கம் வாசித்திருந்தால் திட்டியிருக்க மாட்டீர்கள், சாமி. நான் உங்களிடம் காட்டத்தான் எழுதினேன்” என்றார். பிறகு எழுதினீர்களா என்றோம். இல்லை என்று தலையசைத்தார்.

பஸான் என்ற மனிதரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் நமக்கு அந்தத் தலையசைப்பே நினைவுக்கு வருகிறது. எல்லாச் சிறுவரும் த்ரூஃபோ ஆவதில்லை, ஆக வேண்டியதுமில்லை. ஆனால் தம் பேச்சைக் கேட்க ஒருவரேனும் வேண்டும் என்பது எல்லாச் சிறுவருக்கும் பொது. திரைப்படங்கள் யாவும் நல்லவை என்று நாம் கூறவரவில்லை. தீயவை உண்டு; விலக்கத்தக்கவை உண்டு. அவற்றை விலக்கச் சொல்லும் உரிமை, பிள்ளை நேசிப்பதை உடனிருந்து பார்த்தவருக்கே முதலில் உரியது.

ஆகவே, அன்பார்ந்த பெற்றோரே, அடுத்த முறை உங்கள் மகனோ மகளோ ஒரு படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, ஒரு கேள்வியாவது கேளுங்கள். “எந்தக் காட்சி? அதில் என்ன கண்டாய்?” என்று கேட்டுவிட்டு, விடை முடியும் வரை பொறுத்திருங்கள். உங்கள் கருத்தை அதன்பின் சொல்லலாம். அப்போது அது செவியில் ஏறும்.

நாமோ, தாழ்வாரத்து நாற்காலியருகே இப்போது இன்னொரு நாற்காலியையும் போட்டு வைத்திருக்கிறோம். நோட்டுப்புத்தகம் ஏதேனும் வந்தால், முதற்பக்கத்திலிருந்தே வாசிப்போம்.